ஆறு நாள் தூங்கிய சிறுநீரகம்

இன்று காலை எழுந்ததும் நான்கு டம்ளர் தண்ணீர் குடித்தேன். இதை ஏன் முதலில் எழுதுகிறேன் என்பது டயாலிசிஸ் நாற்காலியில் உட்கார்ந்தபடி படிப்பவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். இரண்டே கால் வருடம் எனக்கு ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் தண்ணீர்தான் அளவு. குழம்பு, மோர், மாத்திரை விழுங்கும் வாய்த் தண்ணீர் எல்லாம் அதற்குள் அடக்கம். அதுவும் ஆம்பூர் வெயிலில், ஷூ கம்பெனியின் தகரக் கூரைக்குக் கீழே.

இப்போது என் அடிவயிற்றின் வலது பக்கம் எனக்குப் பெயர் தெரியாத ஒருவருடைய சிறுநீரகம் வேலை செய்துகொண்டிருக்கிறது. அவர் இறந்துவிட்டார். அதை எனக்குள் வைத்துத் தைத்தவை ரோபோவின் கைகள். இறந்தவருடையது என்றாலும் பயப்படுகிறார்கள், ரோபோ என்றாலும் பயப்படுகிறார்கள் எங்கள் பக்கத்து ஜனங்கள். நானும் பயந்தேன். பயப்படுகிறவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். ஆஸ்பத்திரியின் பெயரைப் போடவில்லை, போட்டால் விளம்பரம் போலாகிவிடும். வேலூரில் இருக்கிறது, அது போதும்.

என் பெயர் தணிகைவேல். வயது இருபத்தெட்டு. நைனா தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் இடத்தில், டிரம் ஓட்டுகிறார். எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். அம்மா ஷூ கம்பெனியில் மேல்பாகம் தைக்கிறார். இருவரும் பள்ளிக்கூடம் போனதில்லை. நான் தோல் தொழில்நுட்பத்தில் டிப்ளமோ முடித்து, அம்மா வேலை செய்யும் அதே கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் சேர்ந்தேன். வீட்டுக்கு எந்தக் காகிதம் வந்தாலும் நான்தான் படித்துச் சொல்வேன். அதனால்தான் என் வியாதியை நான்கு மாதம் மறைக்க முடிந்தது.

கம்பெனியில் வருடத்துக்கு ஒரு முறை நடக்கும் மருத்துவ முகாமில்தான் அது தெரியவந்தது. ரத்த அழுத்தம் பார்த்த பெண் மூன்று முறை பட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அண்ணா, தலை சுத்துதா?" என்று கேட்டார். இல்லை என்றேன். ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அதில் கிரியேட்டினின் ஐந்தரை என்று வந்தது. கிரியேட்டினின் என்பது தசை வேலை செய்யும்போது ரத்தத்தில் சேரும் கழிவு. நல்ல சிறுநீரகம் அதை வடிகட்டித் தள்ளிவிடும், ரத்தத்தில் ஒன்றையொட்டித்தான் மிஞ்சும். ஐந்தரை என்றால் வடிகட்டி பெரும்பாலும் போய்விட்டது என்று பொருள்.

அம்மா ரிப்போர்ட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"இன்னாடா போட்டுக்குது?"

"ரத்தம் கொஞ்சம் கம்மியாம்மா. கீரை சாப்பிடச் சொல்லிக்கிறாங்க."

அம்மா நம்பினார். மறுநாளிலிருந்து தினமும் முருங்கைக்கீரை. சிறுநீரகம் கெட்டவன் சாப்பிடக் கூடாதவற்றில் கீரை ஒன்று. அதில் பொட்டாசியம் ஜாஸ்தி; வெளியேற வழியில்லாமல் அது ரத்தத்தில் ஏறினால் இதயம் தாளம் தவறும். எனக்கு அது தெரியாது. படித்தவன், தெரிந்துகொண்டிருக்க வேண்டும். நான்காவது மாதம் கம்பெனி லைனில் நின்றபடியே விழுந்தேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் என்ன சாப்பிடுகிறான் என்று கேட்டதற்கு அம்மா, "தினம் கீரைதாங்க, நீங்கதான சொன்னீங்க" என்றார். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

அன்றிலிருந்து அம்மா என் ரிப்போர்ட்டை என்னை நம்பிக் கேட்டதில்லை. சாதிக்கிடம் கொடுத்து ஒரு முறை படிக்கச் சொல்வார். சாதிக் கட்டிங் ஹாலில் தோல் வெட்டுபவன், என் தோஸ்த், ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்ச்.

அதற்குப் பிறகு டயாலிசிஸ். இடது கையில் ஒரு சிரையையும் தமனியையும் சேர்த்துத் தைத்து விடுவார்கள். அந்த இடம் புடைத்துக்கொண்டு, தொட்டால் மோட்டார் ஓடுவது போல அதிரும். வாரம் மூன்று நாள் அங்கே இரண்டு தடித்த ஊசிகளைக் குத்தி, நான்கு மணி நேரம் ரத்தத்தை இயந்திரத்துக்கு அனுப்பி, கழுவித் திரும்ப வாங்க வேண்டும். ஆம்பூரில் ஒரு சின்ன சென்டர், பத்து நாற்காலி. காலை ஆறு மணி ஷிப்ட் எனக்கு. அதை முடித்துவிட்டு வேலைக்குப் போவேன். இதற்கும் பிறகு நடந்த ஆபரேஷனுக்கும் பெரும்பகுதிச் செலவைத் தொழிலாளர் இன்ஷூரன்ஸ் ஏற்றுக்கொண்டது. அந்த அட்டை இல்லாதிருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். பணத்தைப் பற்றி இவ்வளவு போதும்.

அம்மா தன் சிறுநீரகத்தைத் தருவதாக முதல் நாளே சொல்லிவிட்டார். நைனாவுக்குச் சர்க்கரை, அவர் தர முடியாது. எல்லாம் முடிவான நிலையில்தான் நாங்கள் ஒரு தப்பு செய்தோம்.

எங்கள் கம்பெனியில் கட்டிங் ஹால் சுவரில் ஓர் அட்டை தொங்கும். லைன் ஆட்கள் எல்லாருடைய ரத்த வகையும் அதில் எழுதியிருக்கும். இயந்திரங்களுக்கு நடுவில் வேலை செய்பவர்கள் என்பதால் யாரோ எப்போதோ ஆரம்பித்த பழக்கம். யார் வீட்டில் யாருக்கு ரத்தம் வேண்டும் என்றாலும் அட்டையைப் பார்த்து நாலு பேர் லீவு போட்டுவிட்டுப் போவார்கள். இந்துவா முஸ்லிமா, சூப்பர்வைசரா ஹெல்பரா என்று யாரும் கேட்டதில்லை. எங்கள் ஊர் ஆட்களுக்கு அதில் ஒரு கர்வமே உண்டு. அந்த அட்டையைப் பார்த்துக்கொள்பவன் சாதிக்.

எனக்கு ஹீமோகுளோபின் ஆறுக்கு இறங்கியது. சிறுநீரகம் போனால் ரத்தம் ஊறுவதும் குறையும். "ஊசி மருந்துலயே ஏத்திடலாம், கொஞ்சம் டைம் ஆகும்" என்றார் டாக்டர். "பின்னால கிட்னி வைக்கப் போறவங்களுக்கு வெளி ரத்தம் ஏத்தாம இருந்தா நல்லது."

அதற்குள் சாதிக் நாலு பேரோடு வந்து நின்றுவிட்டான்.

"டாக்டர், பசங்க லீவு போட்டு வந்துக்கிறாங்க. இவன் மூஞ்சப் பாருங்க, வெள்ளைக் காகிதம் மாதிரி கீது."

அம்மாவும் கெஞ்சினார். ஏன் ஏற்றக் கூடாது என்று டாக்டரிடம் கேட்டிருக்க வேண்டியவன் நான். கேட்கவில்லை. மூச்சு வாங்கியது, படுத்தால் போதும் என்றிருந்தது. டாக்டர் அரைமனதாக ஒப்புக்கொண்டார். அன்று ஒரு பாட்டில், அடுத்த இரண்டு மாதத்தில் இன்னும் இரண்டு. முகத்தில் களை வந்தது. லைனில் எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள்.

பிறகு வேலூரில் அம்மாவுக்கும் எனக்கும் கிராஸ்மேட்ச் பார்த்தார்கள். கொடுப்பவருடைய செல்களையும் வாங்குபவருடைய ரத்தத்தையும் குழாயில் சேர்த்துப் பார்க்கும் சோதனை அது. சண்டை வந்தால் அந்தச் சிறுநீரகத்தை வைக்க முடியாது, வைத்தால் உடம்பு அன்றே அதை அடித்துவிடும். எங்கள் குழாயில் சண்டை வந்தது. வெளி ரத்தம் உள்ளே போனதில் என் உடம்பு எதிர்ப்பொருள்களை உண்டாக்கி வைத்திருக்கிறது என்றார் டாக்டர். நைனாவுக்குப் புரியாததால் வேறு மாதிரியும் சொன்னார்.

"வூட்டுல ஒரு நாய் வளக்குறீங்க. புது ஆளுங்களா வந்து போனதுல அது கடிக்கப் பழகிடுச்சு. எல்லாரையும் கடிக்காது, சில பேரதான் கடிக்கும். அந்தச் சில பேர்ல இவங்க அம்மாவும் இருக்காங்க."

செய்தி கேட்ட சாதிக் அதன்பிறகு என் கண்ணில் படவில்லை. மதியம் சாப்பிட வேறு பக்கம் போனான். எதிரில் வந்தால் போனை எடுத்துப் பார்ப்பான். எங்கள் கம்பெனியில் போனை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள், அவன் பார்த்தது வெறும் உள்ளங்கையை. ஒரு வாரம் பொறுத்துவிட்டு நானே கட்டிங் ஹாலுக்குப் போனேன்.

"இன்னா தோஸ்த், என்னைக் கண்டா ஒளியுற?"

அவன் கத்தியைக் கீழே வைத்தான். "நான் குடுத்த ரத்தம்தான்டா உங்கம்மா கிட்னிய அடிக்குது."

"மூணு பாட்டில்ல உன்னுது ஒண்ணு. மீதி முனுசாமியும் இம்ரானும் குடுத்தது. பேரு மட்டும் உனக்கா?"

சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டான். முடியவில்லை. அன்று மாலையே வீட்டுக்கு வந்து அம்மாவின் காலடியில் உட்கார்ந்தான். "நீ பாசத்துல பண்ண, எழுந்து டீ குடி" என்றார் அம்மா.

அம்மாவுடையது ஆகாது என்றபின் மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்து கிடைப்பது ஒன்றுதான் வழி. மூளை முழுவதும் செத்துவிட்டது, இனித் திரும்பாது. ஆனால் இயந்திரத்தின் உதவியில் மூச்சும் நாடியும் கொஞ்ச நேரம் ஓடுகின்றன. அந்த நேரத்துக்குள் வீட்டார் சம்மதித்தால் உறுப்புகளை எடுப்பார்கள். அழுதுகொண்டிருப்பவர்கள்தான் சம்மதிக்க வேண்டும். அது எவ்வளவு பெரிய காரியம் என்பது பட்டியலில் பெயர் எழுதிவிட்டுக் காத்திருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது.

பதிவு செய்யும்போது ஒருங்கிணைப்பாளர் ஷீலா மேடம், "எப்ப கூப்பிட்டாலும் எடுக்கணும்" என்று சொல்லி மூன்று எண் கேட்டார். என் எண், நைனாவின் எண், பிறகு கம்பெனி கேட் செக்யூரிட்டி பாபு அண்ணனின் எண். வேலை நேரத்தில் எங்கள் எல்லாருடைய போனும் அவர் மேசை டிராயரில்தான் கிடக்கும்.

முதல் அழைப்பு பத்து மாதம் கழித்து வந்தது. போனோம், கிராஸ்மேட்ச்சில் சண்டை, திரும்பினோம். பஸ் பள்ளிகொண்டா தாண்டியதும் அம்மா, "ஒரு தடவ கூப்ட்டாங்கள்ல. நம்ம நம்பரு அவங்ககிட்ட கீதுன்னு ஆச்சு" என்றார்.

இரண்டாவது அழைப்பு ஒரு வியாழக்கிழமை, பதினோரு மணி இருக்கும். பாபு அண்ணன் கேட்டை விட்டு நகர்ந்தாலே மெமோ கொடுப்பார்கள். அவர் லைனுக்குள் ஓடிவந்ததைப் பார்த்ததும் பக்கத்து மேசைக்காரர்கள் எழுந்துவிட்டார்கள். போனை என் காதில் வைத்தார்.

"தணிகைவேல், என்ன சாப்பிட்டீங்க?" ஷீலா மேடம்.

"ரெண்டு இட்லி மேடம். எட்டு மணிக்கு."

"இனிமே பச்சத் தண்ணிகூட வேணாம். காய்ச்சல், சளி?"

"இல்ல மேடம்."

"ஒரு கிட்னிதான் நமக்கு வருது. நீங்க ரெண்டாவது ஆளு. முதல் ஆளும் வர்றாரு. புரியுதா?"

"புரியுது மேடம்."

அம்மா தைத்துக்கொண்டிருந்த ஜோடியில் ஒரு காலை முடித்துவிட்டு இன்னொன்றை ஊசிக்குக் கீழேயே விட்டுவிட்டு வந்தார். இருபது வருட வேலையில் அவர் அப்படி எழுந்து வந்ததில்லை. சாதிக் தன் மாமாவின் காரைக் கொண்டுவந்தான். நைனா தோல் ஷாப்பிலிருந்து வந்த கோலத்திலேயே ஏறினார், முழங்கால் வரை ஈரம்.

வேலூரில் ரத்தம் எடுத்துக்கொண்டு உட்காரச் சொன்னார்கள். முடிவு வர நான்கைந்து மணி நேரம் ஆகும். எதிர் நாற்காலியில் இருந்தவர்தான் முதல் ஆள். லோகநாதன், ஒடுகத்தூர்ப் பக்கம், நிலக்கடலை போடுகிறவர். நாற்பத்தைந்து வயது இருக்கும். அவரும் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"எத்தினி வருசம்ப்பா?" என்று கேட்டார்.

"ரெண்டே கால்ண்ணா. உங்களுக்கு?"

"நாலு."

அவருக்கு ஆகக் கூடாது என்று நினைக்க வெட்கமாக இருந்தது. நினைக்காமல் இருக்கவும் முடியவில்லை. அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். அவர் மனைவி நடுவில் வந்து இரண்டு பேருக்கும் சேர்த்து விசிறிக்கொண்டிருந்தார்.

நாலரை மணிக்கு ஷீலா மேடம் வந்து லோகநாதனை மட்டும் தனியே அழைத்தார். திரும்பி வந்தவர் நேராகத் தன் பையை எடுத்தார்.

"உனக்குதான்ப்பா. எனக்கு இது சண்ட போடுதாம்."

நான் எழுந்து நின்றேன்.

"பேஜார் பண்ணிக்காத. போய்ப் படு," என்றார். "ஆறரைக்கு பஸ் கீது, நாங்க புடிச்சிடுறோம்."

அவர் இன்னும் பட்டியலில்தான் இருக்கிறார். ஞாயிறுதோறும் போனில் பேசிக்கொள்கிறோம்.

என்னுடைய குழாயில் சண்டை இல்லை. கிராஸ்மேட்ச் நெகட்டிவ். அந்த நாய் இந்த ஆளைக் கடிக்கவில்லை. சாதிக் முடிவுத் தாளை வாங்கி அம்மாவுக்கு இரண்டு முறை படித்துக் காட்டினான்.

நைனா மட்டும் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். டீ வாங்கிக் கொடுத்தால் வேண்டாம் என்றார். "அந்த வூட்ல இன்னிக்கி அடுப்பு எரிஞ்சிருக்காது" என்றார். கொடுத்தவர் யார், ஆணா பெண்ணா, எந்த ஊர் என்று எங்களுக்குச் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்பது விதி.

பிறகு சர்ஜன் வந்தார். என் தோளுக்குக்கூட வராத உயரம், மெல்லிய பெண்மணி. எனக்கு அப்போது நூற்றெட்டு கிலோ. வழக்கமான முறையில் அடிவயிற்றில் ஒரு சாணுக்கு மேல் கீற வேண்டும். கொழுப்பு வயிற்றில் அவ்வளவு பெரிய காயம் சீழ் பிடிக்கும், ஆற நாளாகும். ரோபோ என்றால் விரல் நுழையும் அளவு சில துளைகள், சிறுநீரகத்தை உள்ளே விடத் தொப்புள் பக்கத்தில் மூன்று விரல் அகலக் கீறல், அவ்வளவுதான். இறந்தவர் சிறுநீரகம் நாள் சொல்லிவிட்டு வராது. எந்த நேரம் வந்தாலும் ரோபோ குழு தயாராக இருக்க வேண்டும் என்பதால் பல இடங்களில் இதைச் செய்வதில்லை. அன்று குழு தயாராக இருந்தது.

ரோபோ என்றதும் நைனா எழுந்துவிட்டார்.

"மிஷினா? வேணாம்மா. நீங்க கையாலயே பண்ணிடுங்க."

"ஐயா, அது தானா எதுவும் செய்யாது. நான் அதே ரூம்ல உக்காந்து ரெண்டு கையாலயும் ஓட்டுவேன். என் விரல் அசைஞ்சாதான் அது அசையும்."

"எங்க ஷாப்புல தோல் சீவுற மிஷினு ஒண்ணு வந்துச்சிம்மா, வெளிநாட்டுது. அளவு கரெக்டா வெக்கும். ஆனா தோல்ல ஓட்டை இருந்தா அதுக்குத் தெரியாது, இழுத்துக் கிழிச்சிடும். பக்கத்துல ஒரு ஆளு கண்ணு வெச்சிக்கினே நிக்கணும்."

"அந்த ஆளு நான்தான்ய்யா."

நைனா யோசித்தார். அதற்குள் அம்மா நடுவில் வந்தார்.

"எத்தினி மொத்தம் இருக்கும்மா அந்த ரத்தக்குழாய்?"

"பென்சில் மொத்தம்கூட இருக்காது."

"நூலு?"

"தலைமுடி மாதிரி."

"கடைசியில திருப்பி ரெண்டு தையல் போடுவீங்களா, பிரியாம?"

சர்ஜன் அவசரத்திலும் சிரித்தார். "முடிச்சு போடுவோம்மா. ஒண்ணு மேல ஒண்ணா ஆறேழு."

"கண்ணுக்குத் தெரியுமா அவ்ளோ சின்னது?"

"பத்து மடங்கு பெருசா தெரியும்."

அம்மா நைனாவின் பக்கம் திரும்பினார். "எனக்கு ஊசி கோக்கவே வெளிச்சம் பத்தல. இந்தம்மாவுக்குப் பத்து மடங்கு தெரியுதாம். கையெழுத்துப் போடுய்யா."

என் கையெழுத்துக்குக் கீழே சாட்சியாக நைனா தன் பெயரை எழுதினார். மெதுவாக, ஒவ்வோர் எழுத்தாக. அதுவரை சர்ஜன் தாளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

தியேட்டரில் நான் பார்த்தது கொஞ்சம்தான். பிளாஸ்டிக் உறை போட்ட நான்கு கைகள் மேலே மடங்கி நின்றன. குளிர். ஒரு பையன் என் பெயரைக் கேட்டான், சொன்னேனா என்பது நினைவில்லை. மற்றவை பிறகு சொல்லித் தெரிந்தவை. தலை தாழ, கால் உயரக் கட்டிலைச் சாய்த்து, வயிற்றுக்குள் வாயுவை நிரப்பி இடம் உண்டாக்கினார்கள். பொடித்த ஐஸ் சுற்றிய துணிச் சட்டைக்குள் சிறுநீரகத்தை வைத்து உள்ளே இறக்கினார்கள். காலுக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய்களோடு அதன் தமனியையும் சிரையையும் தைத்தார்கள், சிறுநீர்க்குழாயை என் சிறுநீர்ப்பையோடு இணைத்தார்கள். என் பழைய இரண்டும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. ஆக எனக்கு இப்போது மூன்று.

கண் விழித்தபோது வயிற்றைவிடத் தோள்பட்டைதான் அதிகம் வலித்தது. உள்ளே மிஞ்சிய வாயு அப்படி வலிக்கவைக்கும், இரண்டு நாளில் போய்விடும். முகம் பூசணிக்காய் போல வீங்கியிருந்தது. வாயைத் திறந்து முதலில் கேட்டது, "ஓடுதா?"

நர்ஸ் கட்டிலின் ஓரத்தில் தொங்கிய, சிறுநீர் சேரும் பிளாஸ்டிக் பையைப் பார்த்தார். "தூங்குதுண்ணா."

இறந்தவரிடமிருந்து வந்து, பல மணி நேரம் ஐஸில் இருந்த சிறுநீரகம் சில சமயம் உடனே வேலை செய்யாது. ஸ்கேனில் ரத்தம் நன்றாகப் போய் வருவது தெரிந்தது. தையலில் குறையில்லை. அது தானாக எழுந்திருக்க வேண்டும். எழுந்துவிடும் என்றார்கள், எப்போது என்று சொல்லவில்லை. சில பேருக்கு எழுவதே இல்லை என்பதையும் மறைக்கவில்லை. அதுவரை டயாலிசிஸ். புதுச் சிறுநீரகத்தை வயிற்றில் வைத்துக்கொண்டு பழைய ஊசியை மறுபடி குத்திக்கொள்வது இருக்கிறதே, அன்றுதான் அழுதேன்.

முதல் நாள் பையில் இருபது மில்லி. இரண்டாம் நாள் முப்பது. மூன்றாம் நாள் மறுபடி இருபது. தனி அறை, தொற்று வரக் கூடாது என்று யாரையும் விடவில்லை. கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே அம்மாவும் நைனாவும் சாதிக்கும் மாறி மாறி நின்றார்கள். அம்மா காலையில் வந்ததும் புருவத்தை உயர்த்துவார். நான் தலையை ஆட்டுவேன். அவர் பரவாயில்லை என்று கையைக் காட்டிவிட்டு, எனக்குத் தெரியக் கூடாது என்று திரும்பி நின்றுகொள்வார்.

நான்காம் நாள் கம்பெனி வேனில் ஒன்பது பேர் வந்து ஆஸ்பத்திரி கேட்டில் நின்றுவிட்டார்கள், சட்டைக் கையை மடித்துக்கொண்டு. சாதிக் படிக்கட்டில் இறங்கி ஓடினானாம்.

"ஒருத்தனும் கைய நீட்டக் கூடாது. ஒரு சொட்டு அவன் உள்ள போச்சு, நான் உங்க எல்லாரையும் வெட்டிடுவேன்."

"தப்பா எடுத்துக்காதய்யா, வந்துட்டோம். சும்மாவா போறது?"

"பிளட் பேங்க் கீழ கீது. யாருக்காவது ஆவும், போய்க் குடுங்க."

கொடுத்துவிட்டு, ஆளுக்கொரு பிஸ்கட் பாக்கெட்டோடு ஜன்னலுக்கு வெளியே ஓரமாக நின்று என்னைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஐந்தாம் நாள் ஆம்பூர் சென்டரிலிருந்து டெக்னீஷியன் ரகு போன் செய்தான். சிறுநீரகம் வைத்துக்கொண்டவருடைய நாற்காலியை, வைத்தது ஓடும்வரை அங்கே யாருக்கும் தர மாட்டார்கள். சில பேர் தூங்கும் சிறுநீரகத்தோடு வீட்டுக்கு வந்து மாதக்கணக்கில் ஊசி போட்டுக்கொள்வதுண்டு.

"உங்க சீட்டு அப்படியே கீதுண்ணா. கவலப்படாதீங்க. மாதனூர் டீச்சர் அந்த ஆறு மணிக்குக் கேட்டுக்கினே இருக்காங்க. தணிகண்ணன் நெலம தெரியட்டும்னு சொல்லிட்டேன்."

அந்த டீச்சர் ஆம்பூரில் இடம் கிடைக்காமல் வாரம் மூன்று நாள் வேலூர் போய் வருகிறவர். பள்ளிக்கூடத்தில் அரை நாள் லீவெல்லாம் தீர்ந்துவிட்டது என்று ரகு சொன்னான். எனக்கு ஆறுதல் சொல்லத்தான் போன் செய்தான். எனக்கு அந்த நாற்காலி கண்ணுக்குள்ளேயே நின்றது: பச்சை ரெக்ஸின், இடது பிடியில் கிழிசல்.

ஆறாம் நாள் காலை ஏழு மணிக்கு நர்ஸ் பையைப் பார்த்தார். போய், அளவுக் குவளையோடு வந்தார்.

"ஒரு மணி நேரத்துல நாப்பதுண்ணா."

எட்டு மணிக்கு எழுபது. ஒன்பதுக்கு நூற்று முப்பது. குழாயில் பழுப்பாக வந்தது இளமஞ்சளாகி, பிறகு தண்ணீர் போலத் தெளிந்தது. சொட்டு விழும் சத்தம் எனக்கே கேட்டது. பத்து மணிக்கு ஜன்னலில் மூன்று முகங்களும் தெரிந்தன. அம்மா புருவத்தை உயர்த்தினார். நான் குனிந்து பையைக் கொக்கியிலிருந்து எடுத்து, கிரிக்கெட்டில் கப்பைத் தூக்குவது போலத் தலைக்கு மேலே தூக்கினேன்.

"அண்ணா, இறக்குங்க, திரும்ப உள்ள போய்டும்" என்று நர்ஸ் ஓடிவந்து பிடுங்கினார். திட்டிக்கொண்டே சிரித்தார்.

வெளியே நைனாவுக்கு என்ன நடக்கிறது என்று புரியவில்லை. சாதிக் அவர் காதில் ஏதோ சொன்னான். நைனா கண்ணாடியில் நெற்றியை வைத்து அப்படியே நின்றார். அவர் மூச்சு பட்டுக் கண்ணாடி வெளுத்தது. அம்மா தன் முந்தானையால் அதைத் துடைத்தார், என்னைப் பார்ப்பதற்கு.

அன்று மட்டும் மூன்று லிட்டர். மறுநாள் நாலரை. கிரியேட்டினின் எட்டிலிருந்து ஐந்து, மூன்று, இரண்டு என்று இறங்கியது; டிஸ்சார்ஜ் சொன்ன அன்று ஒன்று புள்ளி மூன்று. சர்ஜன் வயிற்றின் துளைகளைப் பார்த்தார், எல்லாம் காய்ந்திருந்தன. இனி ஆயுள் முழுவதும் காலையும் மாலையும் நேரம் தவறாமல் மாத்திரை, உடம்பு இந்தச் சிறுநீரகத்தை அடிக்காமல் இருக்க. ஒரு வேளைகூடத் தவறக் கூடாது என்று அம்மாவிடமும் சொன்னார், என்னை நம்பாமல்.

அம்மாவும் நானும் துணிப் பையைச் சுருட்டி வைத்துக்கொண்டிருந்தபோது ரகு மறுபடி போன் செய்தான். பின்னால் இயந்திரங்கள் கீச்கீச்சென்று கூவிக்கொண்டிருந்தன.

"அண்ணா, நாளைக்கு வூட்டுக்கு வர்றீங்களாமே. திங்கக்கிழம ஆறு மணிக்குப் பேரு போட்டுரட்டுமா?"

"போடாத ரகு."

"அப்ப பத்து மணிக்கா?"

"அந்த நாற்காலிய டீச்சருக்குக் குடுத்துடு."

அவன் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு யாரிடமோ சொன்னான், எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. என் நாற்காலி போக அந்த ஷிப்டில் ஒன்பது பேர் இருந்திருப்பார்கள். ஊசி குத்திய கையை அசைக்கக் கூடாது, அதனால் அவர்களால் கை தட்ட முடியாது. மற்றக் கையால் நாற்காலியின் பிடியில் தட்டினார்கள். முதலில் ஒருவர், பிறகு எல்லாரும்.

ரகு போனை அந்தப் பக்கம் நீட்டிப் பிடித்திருக்க வேண்டும். சத்தம் வந்துகொண்டே இருந்தது. நான் ஸ்பீக்கரில் போட்டு அம்மாவிடம் கொடுத்தேன்.